மாரிமுத்து மண்டோரின் அண்ணன்

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. கடையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையைத் திறக்க மாட்டேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தது என் அப்பா இல்லை, நான்தான். சிரம்பானுக்குப் பக்கத்தில் மம்பாவில் எங்கள் தெருவில் எனக்கு ‘சிஐடி’ என்று பெயர். இந்தக் குணத்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடைத்ததே இல்லை. வேலையில் கிடைத்தது.

மரபணு ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கூட்டு ஆய்வைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கூட்டு என்ற சொல்லைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். இரண்டு பெரிய திட்டங்கள் கை குலுக்கும்போது, எதிராளியின் மற்றொரு கையில் என்ன இருக்கிறது என்று இரண்டுமே எட்டிப் பார்த்துக்கொண்டுதான் குலுக்கும். அதில் தப்பில்லை. எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெயர், தோட்டம், பிள்ளைகளின் தொழில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள். தேடினால் தப்பான வீட்டில்தான் போய் நிற்பீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நம் ஜனங்களுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, ஏன் இவ்வளவு வருகிறது, அது பரம்பரையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் திட்டம். அதற்கு வேண்டியது உடன்பிறந்தவர்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் நோய் இருக்க வேண்டும், தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க வேண்டும், நான்கு பேரும் ரத்தம் தர வேண்டும். இப்படிக் குடும்பம் குடும்பமாகத் தேடி, பகாவுக்கும் கெமாசுக்கும் இடையில் இருக்கும் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், நான் ஏறாதது இல்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய திட்டமும் அங்கே குடியேறிய இந்தியர்களிடம் இதையே செய்துகொண்டிருந்தது. அவர்களிடம் இருந்த குடும்பங்களும் போதவில்லை, எங்களிடம் இருந்தவையும் போதவில்லை. சேர்த்தால் போதும் என்று கணக்கு சொன்னது. சேர்ந்தோம்.

தோட்டத்து ஆட்கள் எங்களை நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? குளிர்பெட்டியோடு வேனில் வந்து இறங்கி, கையை நீட்டு என்கிறோம். ஒரு தோட்டத்தில் ஆண்கள் அத்தனை பேரும் செம்பனைக் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். சம்சுச் சாராயம் குடிக்கிறவன் யார் என்று கண்டுபிடித்து வேலையை விட்டுத் தூக்குவதற்கு நிர்வாகம் எங்களை அனுப்பியிருக்கிறது என்று பேச்சு. இன்னொரு இடத்தில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மிஸ்ஸி, உண்மையச் சொல்லு. இந்த ரத்தத்த சிங்கப்பூர்ல என்ன வெலைக்கு விக்கிறீங்க?”

நான் தாதி இல்லை, ஆனாலும் ஊசி பிடிக்கிற பெண் யாராக இருந்தாலும் தோட்டத்தில் மிஸ்ஸிதான்.

“விக்கல, அக்கா. வித்தா நான் ஏன் இன்னும் பஸ்ஸுல வேலைக்குப் போறேன்?”

அவர் தேய்ந்துபோன என் செருப்பைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அன்று அந்த லயத்தில் எல்லாரும் கையை நீட்டினார்கள்.

இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் இருந்த சந்தேகத்தைப் போக்கத்தான் அப்படி ஒரு செருப்பும் இல்லை. எங்கள் மாதிரிகளை அவர்கள் எடுத்துக்கொண்டு எங்கள் பெயரை விட்டுவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் வேலை சுத்தமாக இருக்காது என்று அவர்கள் நினைத்தார்கள். எங்கள் திட்டத்தின் தலைவி ஒரு மருத்துவர், எங்களுக்கு அவர் டாக்டரம்மா. முதல் பெட்டியை அனுப்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு எண்களில் வைக்கச் சொன்னார். இரண்டுக்கும் ஒரே விடை வருகிறதா என்று அவர்களைச் சோதிக்க. பதிலுக்கு அவர்கள் எங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பினார்கள். அதிலும் ஓர் ஆள் இரண்டு எண்களில் இருந்தார். நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். எங்களுடையதை அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு தரப்பும் ‘தவறுதலாக நேர்ந்திருக்கலாம்’ என்று நாசூக்காக எழுதிக்கொண்டோம். டாக்டரம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மைப் போலவே சந்தேகப்படுகிறவன்தான் மோசமான கூட்டாளி என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கூட்டாளி நேரிலேயே வந்து இறங்கினார். டாக்டர் ஹோவர்ட். நெடுநெடுவென்ற வெள்ளைக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுவார், எதையும் இரண்டு தடவை கேட்பார். வந்த காரணம் சாதாரணமானதில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் பாதி அடையாளம் தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வந்திருக்கும். எங்கள் குடும்பங்களில் பலவற்றில், மகன் என்று நான் எழுதிக் கொடுத்தவரிடம் தாயின் அடையாளமே இல்லை.

ஹோவர்ட் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆள் அகப்படாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கையில் குத்திக் குழாயை நிரப்புகிற களப்பணியாளர்களை அவர் வேறு நாடுகளில் பார்த்திருக்கிறாராம். இங்கே அப்படி நடந்தது என்று சொல்லவில்லையாம். சாத்தியங்களில் ஒன்றாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மழையில் மண்சடக்கில், அந்தச் சேற்றுப் பாதையில், வேன் புதைந்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். பசியாறாமல் அதிகாலையில் லயத்து வாசலில் நின்றிருக்கிறேன். ஒரு குழாயைக்கூடப் பொய்யாக நிரப்பியதில்லை. ஆனால் விடை அவர் பக்கம் இருந்தது.

அன்று மத்தியானம் சிரம்பானில் ஒரு தமிழ் முஸ்லிம் கடையில் டாக்டரம்மா, ஹோவர்ட், நான் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, சாயங்காலம் என் அண்ணன் கார் கொண்டுவந்து உங்களை விடுதியில் விட்டுவிடுவார் என்று ஹோவர்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“காலையில் உங்கள் பெற்றோருக்கு நீங்கள் ஒரே பிள்ளை என்றீர்களே?”

பொய்யைப் பிடித்துவிட்டவரின் முகம் அது. எனக்கு வந்த கோபத்தில், பெரியப்பா மகன் அண்ணன் இல்லாமல் வேறு யார் என்று பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“நாம வீட்டுக்கு வீடு என்னன்னு கேட்டோம்?”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு.”

“அட கடவுளே. அண்ணன் பிள்ளைங்களையும் சேத்துல்ல சொல்லியிருப்பாங்க.”

சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். அண்ணன் செத்திருப்பார், அல்லது வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார், பிள்ளை தம்பி வீட்டில் வளர்ந்திருப்பான். தகப்பன் அவனை மகன் என்றார், நம் பேச்சில் அது மகன்தான். அவன் சின்னம்மாவைக் காட்டி அம்மா என்றான், நாங்களும் அம்மா என்று எழுதிக்கொண்டோம். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. ஆங்கிலத்தில் தயாரான கேள்வியைத் தமிழில் மாற்றியபோது, தமிழில் பிள்ளை என்றால் எவ்வளவு தூரம் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் தினமும் அப்படித்தானே பேசுகிறோம், எப்படி உறைக்கும்?

இங்கே ஒரு வார்த்தை. சந்தேகப்படுங்கள், தாராளமாகப் படுங்கள். ஆனால் முதலில் நீங்கள் கேட்ட கேள்வியைச் சந்தேகப்படுங்கள். அடுத்து குழாயில் ஒட்டிய எண்ணை, அடுத்து இயந்திரத்தை. எல்லாம் முடிந்து ஒன்றும் அகப்படாவிட்டால்தான் ஆளிடம் போக வேண்டும். ஹோவர்ட் ஆளில் தொடங்கினார். நான் அவரில் தொடங்கினேன்.

அவர் மன்னிப்புக் கேட்டார், ஒருமுறைதான், ஆனால் ஒழுங்காகக் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லா வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்றார். இரண்டு திட்டத்து ஆட்களும் உடனிருக்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று, வார்த்தை மாறாமல். பதிலை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவருடைய ஊரில் தமிழ் தெரிந்த ஒருவர் பிறகு அதைக் கேட்டு, நான் மொழிபெயர்த்தது சரியா என்று பார்ப்பார். அதில் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெரும்பாலான வீடுகளில் விஷயம் நொடியில் தீர்ந்தது. “இவன் எனக்குப் பொறந்தது லா, அவன் அண்ணன் பையன். ரெண்டும் நம்ம புள்ளதானே?” என்று சிரித்தார்கள். ஹோவர்டும் சிரிக்கப் பழகிக்கொண்டார். ஒரு குடும்பம் மட்டும் அந்த வகையில் அடங்காது என்று பொருந்தாத குடும்பங்களின் பட்டியலைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாரிமுத்து அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரக் காலத்திலிருந்து மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அஞ்சலை. மூத்தவன் கோவிந்தன் பகாவில் லாரி வைத்திருந்தான், இளையவன் அவர்களோடு தோட்டத்திலேயே இருந்தான். பிள்ளைகள் இருவருக்கும் இனிப்பு நீர். நான் முதல்முறை போனபோது அஞ்சலை அம்மா கோப்பி கொடுத்து, ரத்தம் எடுத்த இடத்தில் தானே பஞ்சை அழுத்திக்கொண்டு, வலிக்கவேயில்லை என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். குடும்ப வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் என்றால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. மாரிமுத்துவின் உடன்பிறந்தவர்களைக் கேட்டேன்.

“யாருமில்ல, மிஸ்ஸி. நான் ஒத்தப் புள்ள. கப்பல்ல வந்து எறங்குன வருஷமே எங்கப்பா போய்ட்டாரு.”

ஒற்றைச் சதுரம் போட்டேன்.

இப்போது விடை வந்திருந்தது. இளையவனிடம் தாயும் தகப்பனும் இருந்தார்கள். கோவிந்தனிடம் தாய் இருந்தார். மாரிமுத்து தகப்பனாக இருக்க முடியாது, அத்தனை இடங்களில் பொருந்தவில்லை. இது பேச்சில் வந்த குழப்பம் இல்லை.

கோவிந்தன் பிறந்த வருஷத்தை எழுதியவளே நான்தான். ஜப்பான்காரன் காலத்தில் ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் தானும் ஒருவர் என்று மாரிமுத்து சொன்னதையும் கேட்டவள் நான்தான். அவர் சயாமில் இருந்தபோதுதான் மூத்தவன் பிறந்திருந்தான்; இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு முதலில் தோன்றவில்லை. ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன தோட்டங்களில் தனியே விடப்பட்ட பெண்களுக்கு என்ன நடந்தது, அரிசி யார் கையில் இருந்தது, அதற்கு என்ன கேட்டார்கள் என்பதை எல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசும்போது சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அஞ்சலை அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எந்தத் திட்டமும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை நான்தான் வாசிக்க வேண்டும். லயத்து வீட்டுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடையில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு, அக்கம்பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க, எழுபதைத் தாண்டிய அந்த அம்மாவின் எதிரில், “மூத்தவன் உங்க ரெண்டு பேருக்கும் பொறந்த பிள்ளையா?” என்று கேட்க வேண்டும். ஐம்பது வருஷமாக அந்தப் பெண்ணின் மானம் நின்றுகொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தில் அதைக் கீழே தள்ளுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பயந்துபோனேன்.

டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பட்டியலைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

“அந்த ஒரு வீட்ட மட்டும் விட்டுடுங்கன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடாத. கேட்டா அதத்தான் மொதல்ல தோண்டுவாரு. நான் யோசிச்சு, பல வீட்ட சேத்துப் பட்டியல்லருந்து எடுக்கச் சொல்லிப் பாக்குறேன், ஒண்ணு தனியாத் தெரியாது. கொஞ்சம் பொறு.”

எனக்குப் பொறுமை கிடையாது. மறுநாள் காலை காரில் போகும்போது, மாரிமுத்து வீட்டுக்குப் போகத் தேவையில்லை, பெரியவருக்கு உடம்பு சரியில்லை, விட்டுவிடலாம் என்று ஹோவர்டிடம் சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஏன் அந்த வீடு மட்டும்?”

அவர் தாள்களை எடுத்துப் பார்த்தார், கடைசியில் இருந்த வீட்டை முதலுக்குக் கொண்டுவந்தார். அந்த நிமிஷத்தில் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாரிமுத்து ஐயா அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெளுத்த வேட்டி, முகம் மழித்திருந்தது. எங்கேயோ புறப்பட்ட ஆள் மாதிரி இருந்தார். எங்களுக்கும் இரண்டு நாற்காலி தயாராக இருந்தது.

“தொரைய ஒக்காரச் சொல்லுங்க, மிஸ்ஸி.”

“அம்மா எங்க, ஐயா?”

“பகாவுக்கு பஸ் ஏத்தி விட்டேன். மூத்தவன் வீட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டும்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாகப் பக்கத்து டிவிஷன்களில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். யாருக்குப் பிறந்த பிள்ளை, யாருடைய அண்ணன் பிள்ளை என்று வெள்ளைக்காரர் கருவி வைத்துக் கேட்கிறார் என்பது எங்களுக்கு முன்பே இந்த லயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் எங்களுக்காகக் காத்திருந்தார்.

ஹோவர்ட் கருவியை முக்காலியில் வைத்துத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இனி நான் ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும் வேறொரு நாட்டில் ஒருவர் கேட்பார். தாளைப் பார்த்துக் கேள்வியை வாசித்தேன். பெரியவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“சின்னவன் எனக்குப் பொறந்தவன்,” என்றார். “மூத்தவன் என் அண்ணன் புள்ள.”

மொழிபெயர்த்தேன். ஹோவர்ட் குடும்ப வரைபடத்தைப் புரட்டினார். அங்கே என் கையால் போட்ட ஒற்றைச் சதுரம் இருந்தது. அண்ணன் என்றால் உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா என்று கேட்கச் சொன்னார். அந்த வித்தியாசத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

“கூடப்பொறந்த அண்ணனா, ஐயா?”

“கூடப்பொறந்தவர்தான். சயாம்ல செத்துட்டாரு. அண்ணி வயித்துல புள்ளையோட நின்னுச்சு. நான் திரும்பி வந்து கட்டிக்கிட்டேன். அந்தக் காலத்துல அப்படி நெறைய நடந்துச்சு.” கருவியை நிமிர்ந்து பார்த்தார். “தொரைக்கு வேற என்ன வேணுமாம்?”

“அவர் பேரு?”

இங்கேதான் அவர் கொஞ்சம் நிறுத்தினார். கருவி சுற்றுகிற சத்தம் கேட்டது.

“வேலாயுதம்.”

ஹோவர்ட் எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், கருவிக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். முதல் விசாரணையில் இவருக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை என்று நீங்கள் வரைந்திருக்கிறீர்கள். எப்படி?

யோசிக்க நேரமில்லை. பெரியவர் அன்று சொல்லவில்லை என்றால் சந்தேகம் அவர் மேல் விழும், இன்னொரு கேள்வி வரும், அதற்கு அடுத்து இன்னொன்று வரும். அவர்மேல் விழக் கூடாது என்றால் யார் மேலாவது விழ வேண்டும்.

“நான் கேட்கவில்லை,” என்றேன். “உயிரோடிருக்கும் உடன்பிறந்தவர்களை மட்டும்தான் கேட்டேன். இறந்தவர்களை விட்டுவிட்டேன். என் கவனக்குறைவு.”

“இந்த வீட்டில் மட்டுமா?”

அன்று காலை டாக்டரம்மா சொல்லைக் கேட்காமல் விட்டிருந்தேன். இப்போது கேட்டேன்.

“இல்லை. எல்லா வீட்டிலும்.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பொய்யாகக் குழாய் நிரப்பினாளோ என்று சந்தேகப்பட்டபோது நான் எப்படிக் கொதித்தேன் என்று பார்த்தவர் அவர். இப்போது வலியப் போய்க் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஏதோ இருக்கிறது என்று அவருக்கு நிச்சயம் தோன்றியிருக்கும். ஆனால் கைவசம் இருந்த விடையோடு பெரியவர் சொன்னது பொருந்தியது. ஒரே தாய், வேறு வேறு தகப்பன். எங்கள் கணக்குக்கு வேண்டியது அது மட்டும்தான். அது முழு உண்மை. முழு உடன்பிறப்பு இல்லை என்று அந்த ஜோடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆய்வுக்கு ஒரு பாதகமும் இல்லை. ஹோவர்ட் கருவியை நிறுத்தினார், பெரியவருக்குக் கை கொடுத்தார், காரை நோக்கி நடந்தார்.

நான் நின்றேன்.

“ஐயா, அண்ணிய கட்டிக்கிட்டவன்னு உங்கள ஏசுவாங்களே. அண்ணின்னா அம்மா மாதிரின்னு பேசுற ஊரு இது. பக்கத்து வீட்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

“என்னத்தானே ஏசுவாங்க?” என்றார். “ஏசட்டும்.”

அதோடு போயிருக்கலாம். என் குணம் போகவிடவில்லை.

“வேலாயுதம்ங்கிறது யாரு?”

அவர் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

“சயாம்ல ரெண்டு பேரும் ஒரே சாக்குலதான் படுத்துக் கெடந்தோம். நான் வாந்தி பேதியில விழுந்தப்போ அவன்தான் கஞ்சி ஊத்துனான். அப்பறம் அவன் விழுந்தான். கண்ண மூடுறப்போ, எம் பேர சொல்ல ஒரு புள்ளகூட இல்லாம போறேன் மாரின்னு அழுதான்.” சடக்கில் கார் ஹாரன் கேட்டது. “இப்ப ஒண்ணு இருக்குல்ல?”

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும் மாரிமுத்துவின் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சதுரம் வரைந்தேன், குறுக்கே கோடு போட்டேன், அதிலிருந்து கோவிந்தனுக்குக் கோட்டை இழுத்தேன். கூட்டு அறிக்கையில் களப்பணியாளரின் கவனக்குறைவு என்று ஒரு வரி வந்தது. அதில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லா வீட்டுக்கும் மறுபடி போய் இறந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு வந்தேன். என் தலைக்கு மேல் ஒரு மேற்பார்வையாளரையும் போட்டார்கள், என்னைவிட வயதில் சின்னவர், என் வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷ தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார், அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்துப் பார்த்ததில்லை.

அந்தக் கோப்புகள் இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. கோடு போட்ட சதுரங்கள் அதில் ஏராளம். உங்களில் கண் கூர்மையான யாராவது ஒருநாள் ஒரு சதுரத்தைத் தொட்டு, இவருக்கு உறவினர் யாரும் சாட்சி சொல்லவில்லையே, முதல் வரைபடத்தில் இவர் இல்லையே, எங்கிருந்து வந்தார் என்று கேட்கலாம். கேளுங்கள், கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். பதிலையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்: களப்பணியாளர் கவனக்குறைவானவர், முதலில் விட்டுவிட்டார்.